நான்கு மணிக் கட்டம்

எழுதியது நான்தானே, பிறகு எதற்கு இந்தப் படபடப்பு?

மாலை நான்கு. பதினோராம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு மணிக் கட்டத்தில் அவள் கையெழுத்து. ஆக்சிஜன் 94, நாடி 88. இரண்டு மணிக்கே எழுதியது.

தொற்று பரவியதிலிருந்து இருபது கட்டிலுக்கு அவளோடு சேர்த்து இரண்டே நர்ஸ். மூன்று நாளாக மற்றவளும் காய்ச்சலில் படுத்திருந்தாள். "கட்டம் மட்டும் காலியா இருக்கக் கூடாதும்மா, நாளைக்குக் கேள்வி வரும்" என்று போனில் சொல்லியிருந்தார் மேற்பார்வையாளர். கடைக்கோடிக் கட்டிலில் ஒரு பெண் மூச்சுக்குத் தவித்தாள். அவளிடம் ஓடுமுன், மற்ற பத்தொன்பது அட்டைகளிலும் நான்கு மணிக் கட்டத்தை இவள் நிரப்பிவிட்டாள். இரண்டு மணி நேரம் போயிற்று. அந்தப் பெண்ணும் போய்விட்டாள்.

பதினோராம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். காலையில்கூட வம்புக்கு இழுத்தார். "என் மூஞ்சியவிட அட்டையத்தான் அதிகமா பாக்குறீங்க சிஸ்டர். அதுல என்ன, சினிமாவா ஓடுது?"

இந்த வார்டுக்கு வந்த பன்னிரண்டு நாட்களில் அவளிடம் ஒருவர் விளையாட்டாகப் பேசியது அது ஒன்றுதான். கவசத்துக்குள் அவள் சிரித்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜன்னல்களில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் வெயிலைக் கலங்கலாக்கித் தரையில் வடித்துக்கொண்டிருந்தது. முகமூடியையும் மீறி பிளீச்சிங் பவுடரின் நெடி தொண்டையில் இறங்கியது. கவசத்துக்குள் அவளுடைய மூச்சே பெரிதாகக் கேட்டது. ஏன் இவ்வளவு பெரிதாக?

வார்டில் யாரும் இருமவில்லை.

டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையுறைகளைத் தாண்டியும் சில்லிட்டது. கை விறைத்திருந்தது. செத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

ஆக்சிஜன் பார்க்கும் கருவியை அவர் விரலில் மாட்டினாள்.

94. 88.

கழற்றினாள். அடுத்த விரலில் மாட்டினாள். 94. 88.

பக்கத்துக் கட்டில். அட்டையில் 91. விரலில் 91. விரல் சில்லென்றிருந்தது.

"சிஸ்டர்." டிரைவரின் குரல். உதடுகள் அசையவில்லை. "ஆறு மணிக்கும் எழுதிடுங்க."

திரும்பினாள். வார்டு நெடுகப் போர்வைகளுக்கு வெளியே கைகள். பத்தொன்பது கைகள். விரலை நீட்டியபடி.

"எனக்கும்மா."

"எனக்கும்."

எழுதினால் போதும். யார் கேட்டாலும் காட்ட அட்டை இருக்கும். அவர்களும் இருப்பார்கள். டிரைவர் நாளைக்கும் வம்புக்கு இழுப்பார். இந்த நீண்ட அறையில் அவள் ஒற்றை ஆளாக நிற்க வேண்டியிருக்காது.

பேனா ஆறு மணிக் கட்டத்தின் மேல் நின்றது.

மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

"இல்லண்ணா" என்றாள் மெல்ல. "பாக்காம இனிமே எழுத மாட்டேன்."

ஒரு கைகூட இறங்கவில்லை.