விரிசல் நிற்கும் இடம்

நின்றுபோன சக்கரத்துக்குள் விரிசல் வளராது. சுழன்றால்தான் வளரும். மஹதிக்கு அது தெரிந்த அளவுக்கு அந்த அடையாறு ஆய்வகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அன்று ஆயுத பூஜை. சோதனை மேடையில் இருந்த சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கட்டடத்தின் மெயினையே அணைத்துவிட்டு, எல்லோரும் பொரி கடலைப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். விரிசலின் சத்தத்தைப் பிடித்து ஹெட்போனுக்கு அனுப்பும் சென்சார் பேட்டரியில் ஓடுவது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மஹதிக்கோ வீட்டுக்குப் போக மனமில்லை. ராஜா அண்ணாமலைபுரத்து பிளாட்டில் அவளுக்காகக் காத்திருப்பது காலையில் கழுவாமல் வைத்த காபி டம்ளர் மட்டும்தான்.

"இன்னா மேடம், இன்னும் கெளம்பலியா? இன்னிக்கு மெஷினத் தொடக் கூடாது" என்று எட்டிப் பார்த்தார் காவலாளி தனபாலன்.

"தொடலை. சும்மாதான் உக்காந்திண்டிருக்கேன்."

"சரி. கீழ பூசணிக்கா ஒடைச்சிட்டு வந்து பூட்டிர்றேன். இனிமே திங்கக்கெழமதான் தொறப்பாங்க."

அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்ததும், ஊதுவத்திப் புகையும் கிரீஸ் வாடையும் கலந்து கனத்திருந்த அந்தக் கூடத்தில், சாயங்கால வெளிச்சம் மேசை மேசையாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, அவள் நாற்காலியில் சற்றே சாய்ந்தாள். டிக்.

சக்கரத்திலிருந்து சென்சாரை உரித்து மேசைமேல் வைத்தாள். சத்தமில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள். டிக்.

இடது இடுப்பு.

லஸ் முனையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மூட்டு நொறுங்கியபோது, அவளே உருவாக்கிய பொருளைத்தான் அங்கே பொருத்தினார்கள். மேல்முனை பீங்கான், கீழே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக உலோகமாகி, அடியில் துளைகளுக்குள் எலும்பை வளரவிட்டு எலும்போடு கலந்துவிடும். எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. ஒட்டு இல்லை, அதனால் பிரியாது என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். ஓடிவரும் விரிசல் ஒட்டில்தான் நிற்கும், ஒட்டு இல்லாத இடத்தில் அது நிற்கவும் இடமில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அந்த மூட்டு முடிந்து அவள் தொடங்குவது எங்கே?

போன் ஜன்னலோரத்தில் இருந்தது. ஓர் அடி வைத்தாள். டிக். இன்னோர் அடி. டிக். டிக். அப்படியே நின்றாள். அசையாவிட்டால் வளராது.

சென்சாரை இடுப்பில் வைத்தாள். ஒன்றுமில்லை. விலாவுக்கு ஏற்றினாள். மூச்சை இழுத்தாள்.

டிக்.

மூச்சும் அசைவுதான்.

வெளியே இருட்டிவிட்டது. கையிலிருந்த சென்சாரின் சிறு விளக்கு வெளிச்சத்தில், ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. குர்தாவின் கழுத்துக்குள்ளிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஏறி வந்து, மோவாயில் நின்றிருந்தது. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. இத்தனை வருஷம் தனியாகவே இருந்து பழகியவளுக்கு, இந்த நிமிஷம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது.

"மேடம்?" தாழ்வாரத்தின் கோடியிலிருந்து தனபாலனின் குரல். "உள்ள கீறீங்களா?"

கூப்பிட வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

திறந்தால்?

"போய்ட்டாங்க போல."

ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்தது.

அழக் கூடாது. இமைக்கக் கூடாது. கண்கள் எரிந்தன. நீர் கோத்தது. இமைகள் தாமாகவே மூடித் திறந்தன.

டிக்.

கோடு உதடுகளைக் கடந்து, மூக்கைக் கடந்து, புருவங்களுக்கு நடுவே வந்திருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கண்ணாடியில், அவள் திருப்பாமலேயே இடது கண் மட்டும் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது. வலது கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.