மான்கொம்பில் ஒரு சேலை

"நீங்க ஃபாத்திமாவோட தங்கின அதே ரூம்தான் எனக்கும் வேணும்."

கணவன் டோனியிடம் இதைக் கேட்கவே கூடாது என்று மாமியார் அந்தோணிமேரி கல்யாணத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். "செத்துப்போன மூத்தவளப் பத்தி என்ன வேணா கேளும்மா. அந்தச் செங்கரட்டுக் கோட்டைக்கு மட்டும் கூட்டிட்டுப் போகச் சொல்லாத." அவள் சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒரு கோட்டை இருப்பதே அக்சிலியாவுக்குத் தெரிந்திருக்காது.

டோனி கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் வந்ததோ நிம்மதி. "சரி, மூணு நாள் லீவு வருதில்ல, போலாம்" என்றான்.

சேலத்திலிருந்து புறப்பட்டு நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் மஞ்சள் வேகிற வாசனை காருக்குள் ஏறிக்கொண்டது. பாறைக் குன்றான கரட்டை ஒட்டிக் கோட்டை நின்றது. ஒரு காலத்தில் பாளையக்காரர் வாழ்ந்த இடம். இப்போது பேரன்மார் குளிர்சாதனம் மாட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மதில் பாதி இடிந்திருந்தது. உள்ளே அரண்மனை மட்டும் புதுச் சுண்ணாம்பில் வெளுத்திருந்தது.

வாசல் காவல்காரர் சடையன் டோனியைப் பார்த்ததும் சல்யூட் வைத்தார். "வாங்க சார். போன வருசத்துக்கு இந்த வருசம் இளைச்சிட்டீங்களே."

போன வருடமா? ஃபாத்திமா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

அக்சிலியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுக்குள் எரிந்ததற்குக் கேள்வி போதாது.

அறையைத் திறந்துவிட வந்தவள் அங்கம்மாள். தேக்குக் கட்டில், இரும்புக் கம்பி போட்ட சன்னல், மேற்குச் சுவரில் வழவழத்துப் போன ஒற்றை மான்கொம்பு.

"ஏனுங்க அம்மிணி, கேக்கறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள் அங்கம்மாள். "நீங்க மொதல் தாரமுங்களா, ரெண்டாந் தாரமுங்களா?"

"எதுக்கு?"

"இது மூத்த ராணி செத்த ரூமுங்க. இளையவங்க புதுச்சேலை எடுத்தா, அந்தக் கொம்புல ஒரு பொழுது மாட்டி வெச்சுத்தான் கட்டணும். மூத்தவ மொதல்ல கட்டிக்கிட்டு அப்பறம் கொடுப்பாளாம். எந்த ஊட்டு மூத்தாளா இருந்தாலும் இந்தக் கொம்புக்கு வருவான்னு சனங்க கொண்டாந்து மாட்டறாங்க. கொம்புல மாட்டாம இளையவங்க யாரும் இங்க தங்கறதில்லீங்க."

"மொதல் தாரம்" என்றாள் அக்சிலியா.

அங்கம்மாள் டோனியைப் பார்த்தாள். டோனி தரையைப் பார்த்தான். அவள் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பொய்தான். ஆனால் அக்சிலியாவுக்கு வாழ்க்கையில் முதல் என்று வாய்த்தது என்ன? சீருடை அக்காவுடையது. பாடப்புத்தகம் பக்கத்து வீட்டுப் பையனுடையது. பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்றில்தான் அவள் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தது. புருஷனும் ஒருத்தி வாழ்ந்து முடித்த மிச்சம். அந்த வீட்டில் அவள் குழம்பு வைத்தால், "ஃபாத்திமா இன்னும் கொஞ்சம் புளி விடுவா" என்பான். கூடத்தில் மாட்டியிருந்த படத்திலிருந்து ஃபாத்திமா எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத சிரிப்பு. செத்தவளுக்கு வயதும் ஏறாது, தப்பும் வராது. உயிரோடு இருக்கிறவள் எப்படி ஜெயிப்பது?

அதற்காகத்தான் பெட்டியில் அந்தச் சேலையை வைத்திருந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் நெசவாளர் ஊரான இளம்பிள்ளைக்கே போய் எடுத்தது, ரத்தச் சிவப்பு. இதுவரை உடுத்தவில்லை. இந்த அறையில், ஃபாத்திமா படுத்த கட்டிலுக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள்.

சேலை இல்லை.

நிமிர்ந்தாள். மான்கொம்பில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"ஒரு பொழுதுதானே, அக்சி" என்றான் டோனி. "இல்லன்னா அவ கோவிச்சுக்குவா."

"ஞாயித்துக்கிழம தவறாம பூசைக்குப் போறவரு பேசற பேச்சா இது?"

ஒரே இழுப்பில் அதை உருவினாள்.

சேலை சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் அவிழ்த்துப் போட்ட மாதிரி உடம்புச் சூடு. மஞ்சள் வாசனைக்கு நடுவே மரிக்கொழுந்து வாசனை. கொசுவ மடிப்புகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு.

"இந்த முடிச்சு நீங்க போட்டதா?"

"ஃபாத்திமா போடுவா" என்றான். "மரிக்கொழுந்து முடிஞ்சு வெச்சுக்குவா."

வேறொருத்தியாக இருந்தால் சேலையைக் கீழே போட்டிருப்பாள். அக்சிலியா பிடிவாதமாகக் கட்டினாள். மடிப்புகளை அவள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவையே போய் இடுப்பில் செருகிக்கொண்டன.

சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளை விட்டு இறங்கியது. மின்விசிறி கிறீச்சிட்டு நின்றது. மின்சாரம் போய்விட்டது.

வெளியே ஆட்டு மணி ஓசைகூட இல்லை.

டோனி அவளையே பார்த்தான். எட்டு மாதக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"அழகா இருக்க, பாத்து" என்றான்.

ஃபாத்திமாவின் செல்லப் பெயர் அது.

"ம்."

பதில் அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. வெட்கப்பட்ட, மெல்லிய குரல்.

அக்சிலியாவின் உதடு அசையவே இல்லை.

"நான் பேசல" என்றாள்.

"தெரியும்" என்றான் டோனி.

சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் மேலே வந்தது. "வருசா வருசம் இங்க வர்றீங்களா?"

"வர்றேன். புதுச்சேலை வாங்கிட்டு வந்து மாட்டுவேன். வாசன மட்டும் வரும், அவ வர மாட்டா." கொம்பைக் காட்டினான். "அங்கம்மாதான் சொல்லுச்சு. வெறும் கொம்புக்கு மூத்தவ வர மாட்டா, இளையவ ஒருத்தி வேணும்னு. நீ கட்டுனாத்தான் அவ வர்றா, அக்சி. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அவிழ்க்காம இரு. உன் கால்ல வேணா விழறேன்."

அப்படியானால் பெண் பார்க்க வந்தது இதற்கா? மோதிரம் மாற்றியது, தாலி கட்டியது, எல்லாம் ஃபாத்திமாவின் சேலையை மாட்ட உயிருள்ள ஒரு கொம்பு வேண்டும் என்பதற்காகவா?

அக்சிலியா குளியலறைக்குப் போனாள். சேலையை அவிழ்ப்பது தோலை உரிப்பது போல் இருந்தது; இடுப்பை விட மாட்டேன் என்றது. இழுத்தாள். சுடிதார் போட்டாள். வெளியே வந்து சேலையை நீவி மடித்து, தன் கையாலேயே கொம்பில் மாட்டினாள்.

"இது என்னோட முதல் சம்பளம்" என்றாள் சுவரைப் பார்த்து. "கட்டிக்க. கூட அவரையும் வெச்சுக்க."

டோனி எழுந்திருக்கவில்லை. அவன் கண் சேலையிலேயே இருந்தது. சேலை மெல்ல ஆடத் தொடங்கியிருந்தது.

மின்விசிறி இன்னும் சுற்றவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இருட்டு இன்னும் முழுதாக விழவில்லை. ராசிபுரம் போகிற கடைசி டவுன் பஸ் இன்னும் வரவில்லை என்று வாசலில் சடையன் சொன்னார். அப்போதுதான் கையில் ஏதோ உரசியது.

துப்பட்டா ஓரத்தில் ஒரு முடிச்சு.

பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே மரிக்கொழுந்து, அப்போது பறித்தது போல் ஈரமாக.

அதைக் கீழே போட்டாள். துப்பட்டாவைக் கழற்றி இரும்புக் கதவின் கம்பியில் மாட்டினாள். "இதையும் கட்டிக்க" என்றாள்.

பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, துப்பட்டாவ உட்டுட்டு…" சடையனின் குரல் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக, அந்தத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்ட வேறு யாருக்கோ மரியாதையாக வழி விடுவதுபோல், "வாங்க" என்றார்.

அக்சிலியா திரும்பிப் பார்க்கவில்லை.