எல்லோருக்கும் ஐந்து விரல்

அந்தப் பள்ளியில் காலை முதல் மணிக்கு முன்னால் 'நலமா நேரம்' என்று ஒன்று உண்டு. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். முதலில் மனசு எப்படி இருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். ரொம்ப நன்றாக இருந்தால் ஐந்து, ரொம்ப மோசமென்றால் ஒன்று.

மூன்றுக்குக் கீழே காட்டினால், இடைவேளையில் சாரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இடைவேளையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் எல்லோரும் எப்போதும் ஐந்துதான். காய்ச்சல் அடித்தாலும் ஐந்து.

கொட்டாவியும் ஐந்துதான் காட்டுவாள். அது அவளுடைய பட்டப்பெயர். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ராத்திரி தம்பிப் பாப்பா அழுதால், அப்பாவும் அவளும்தான் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். காலையில் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, மறு கையால் ஐந்து காட்டுவாள்.

அந்த வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். வந்த அன்றே ஒற்றை விரலைக் காட்டினாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வட்டத்தை நடத்தும் அறிவியல் சார்கூடப் பதறிவிட்டார். மறுநாள் அவளும் ஐந்து காட்டினாள்.

கொட்டாவிக்கு என்னவோ போல் இருந்தது. குழாயடியில் அவளைப் பிடித்துக் கேட்டாள்.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு அஞ்சா? அதுக்குள்ள எப்படி சரியாச்சு?"

"சரியாகல. இங்க நீங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க. நான் மட்டும்தான் இப்படி. பழைய ஸ்கூலுக்கே போறேன்னு அப்பாகிட்ட சொல்லப் போறேன். ரெண்டு பஸ் மாறணும், பரவாயில்ல."

நாங்களா சந்தோஷமாக இருக்கிறோம்? கொட்டாவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை விரல்கள் வரிசையாக உயர்ந்தன. ஐந்து, ஐந்து, ஐந்து. கொட்டாவியின் முறை வந்தது. இடைவேளையில் மேசைமேல் தலைசாய்த்துக் குட்டித் தூக்கம் போட நினைத்திருந்தாள். அது போச்சு என்று எண்ணிக்கொண்டே இரண்டு விரல் காட்டினாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சார்.

"தூக்கம் சார். தம்பி ராத்திரி தூங்கவே விடல. உண்மைய சொன்னா, எனக்கு எப்பவுமே ரெண்டுதான்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒல்லிப்பையன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்று விரல்களை மடக்கினான்.

"எனக்கும்தான் சார். வீட்டுல தினமும் சண்டை. படிக்கவே முடியல."

இன்னொரு கையிலும் விரல் மடங்கியது. அதற்கடுத்த கையிலும் மடங்கியது. சார் தலையைச் சொறிந்தார்.

"இத்தனை பேரையும் இடைவேளைல எங்கப்பா உட்கார வைப்பேன்?"

"உங்களுக்கு எத்தனை சார்?" புதுப்பெண்தான் கேட்டாள்.

சார் யோசித்தார். ஒரு விரலை நிமிர்த்தினார். அடுத்ததைப் பாதி மடக்கிக் காட்டினார்.

"ஒண்ணரை. பரீட்சைத் தாள் மலைபோலக் கிடக்கு."

எல்லோரும் சோர்வாகச் சிரித்தார்கள். மணி அடித்தது. யாருக்கும் எழுந்திருக்க மனசில்லை.

வாசலில் கொட்டாவி மெதுவாகக் கேட்டாள்: "அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல," என்றாள் புதுப்பெண். "நாளைக்கு உனக்கு எத்தனைன்னு பார்த்துட்டு யோசிக்கிறேன்."