கன்னத்து ஈரம்

அன்றைக்கு மூன்றாவது முறையாகக் கதவு தட்டப்பட்டபோது, பூங்குன்றன் இடது கண்ணைத் துடைக்காமலேயே போய்த் திறந்தார். எதிர் அறை நப்பின்னை சீட்டுக்கட்டுடன் நின்றாள்.

செவ்வாய்க் கிரகத்தின் தரைக்கடியில் இருந்த அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு கண்ணீர்மானி உண்டு. கன்னத்தில் மூன்று நிமிடம் ஈரம் தெரிந்தால், பக்கத்தில் ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு ஆணை போகும்: போய்க் கால் மணி நேரம் கூட இருக்க வேண்டும். தனிமையில் சிலர் புத்தி பேதலித்த பிறகு வந்த சட்டம்.

நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த பூங்குன்றன் அழுது பழக்கமில்லாதவர். ஆறு வருடமாக அவர் அறைக்கு யாரும் வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கண்ணீர்க் குழாய் அடைத்துச் சீழ் கட்டியது; கண்ணீர் மூக்குக்குள் வடிய, எலும்பில் துளையிட்டுப் புதுப் பாதை போட்டார்கள். உள்ளே தழும்பு வளர்ந்து அதையும் மூடிவிட்டது. அன்றிலிருந்து கண் ஓயாமல் வழிந்தது. ஆட்களும் ஓயாமல் வந்தார்கள். நப்பின்னைதான் அதிகம். காரணம் கேட்டவளிடம், பூமியில் வளர்த்த நாய் செத்துப்போனதாகச் சொல்லிவைத்திருந்தார்.

“உங்க நாய் இதோட நாலு தடவை செத்துருச்சு, அண்ணே,” என்றாள், சீட்டைக் கலைத்தபடி.

மறுவாரம் மருத்துவர் எஸ்தர், தழும்பை நீக்கி மெல்லிய சிலிக்கோன் குழாய் செருகினால் சரியாகிவிடும் என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் பூங்குன்றன். நீர் தேங்கினால் மறுபடி சீழ் பிடிக்கும் என்று மருத்துவர் அதட்டியதும் ஒப்புக்கொண்டார். இத்தனை நாள் சீட்டாடியவள், கண் காய்ந்தால் வராமலா போய்விடுவாள்?

கண் காய்ந்தது. பத்து நாள் கதவு தட்டப்படவில்லை. பதினோராம் நாள் அவரே சட்டையை மாற்றிக்கொண்டு, நான்கு எட்டு நடந்து நப்பின்னையின் கதவைத் தட்டினார்.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். பிறகு குழப்பத்துடன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நான் அழலையே, அண்ணே.”

“தெரியும்மா. சும்மா வந்தேன்.”

“சும்மாவா?” கதவை விட்டு அவள் நகரவில்லை. “வர்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல?”

அறைக்குத் திரும்பியவர், வரலாமா என்று கேட்டு மெசேஜ் போட்டார். நொடியில் பதில் வந்தது. ஒரு மஞ்சள் சிரிப்பு முகம். கீழே, ‘கண்டிப்பா ஒரு நாள் பார்க்கலாம்.’

அப்போதுதான் பூங்குன்றன் உண்மையாகவே அழுதார். சிகிச்சை கச்சிதமாக வேலை செய்தது. ஒரு சொட்டுகூடக் கன்னத்துக்கு வராமல், அத்தனையும் மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் உப்புக் கரித்தது.