இரண்டைத் தொடும்வரை

பன்னிரண்டாம் கட்டிலின் தலைமாட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் அந்த நோயாளிக்குப் போகும் மருந்துகளில் குற்றம் குறை இல்லை என்று பொருள். மஞ்சளானால், மருத்துவரின் காதுக்குள் மருந்துநோக்கி என்ற கணினி பேசும்: இந்த மருந்தும் அந்த மருந்தும் ஒத்துப்போகாது, இந்த அளவை இந்தச் சிறுநீரகம் தாங்காது என்று. தோளில் ஒட்டிய தோலொட்டி, ஊசி குத்தாமலே இரத்தத்தைப் படித்து மணிக்கொரு தரம் கணக்கு அனுப்பும். முந்நூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளில் இப்போது மருந்துநோக்கிதான் வார்டு மருந்தாளுநர். மனிதர்கள் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்கள், பெட்டி அடுக்க.

கட்டிலில் கிடந்தவன் சவரிமுத்து. தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்ப்பவன். சத்தத்தை வைத்தே எந்த வால்வு போயிற்று என்று சொல்லிவிடுவான். காலில் புண் சீழ்வைத்து, வந்து சேர்ந்து ஏழு நாள். பார்க்க வந்திருந்தவள் அவன் அக்கா அமலோற்பவம். இதே வார்டில் பதினோரு ஆண்டு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள்.

கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, கால் கிடக்கட்டும் என்றான் அவன்.

"காதுக்குள்ள சில்வண்டு கத்துதுக்கா. மூணு நாளாச்சு. நீ பேசுறதே கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாரி இருக்கு."

"நர்ஸ்ட்ட சொன்னியாடா?" என்று குரலை உயர்த்திக் கேட்டாள்.

"சொன்னேன். லைட்டு பச்சையாத்தானே எரியுது அண்ணாச்சின்னுட்டுப் போயிட்டாவ."

அமலோற்பவம் கட்டிலோரக் கணினித் திரையை இழுத்துப் பார்த்தாள். புண்ணுக்கு அமிகாசின் ஊசி. கூடவே, கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மருந்து. சிறுநீரகம் சுணங்கச் சுணங்க ஏறும் கிரியாட்டினின் 0.9, 1.2, 1.5, இன்று 1.7. முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். அமிகாசின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சுணங்கினால் அது உடம்பிலேயே தங்கி ஒலியை உணரும் உள்காதின் மயிரணுக்களைத் தின்னும். அவை திரும்ப முளைக்காது. நீர் பிரியும் மருந்து அந்த வேலைக்கு இன்னும் கை கொடுக்கும்.

வார்டின் மறுகோடியில் இருந்த தலைமை மருத்துவர் ருக்சானாவிடம் ஓடினாள். இரண்டு வாக்கியம்தான் சொன்னாள். ருக்சானா நின்ற இடத்திலேயே ஊசியை நிறுத்தினாள், கோபப்படவும் இல்லை.

"நாலு நாளைக்கு முன்னாடி யாராவது சொல்லிருந்தா அன்னைக்கே நிறுத்திருப்பேன்மா" என்றாள். "இந்த நோக்கி ஏன் சொல்லலை?"

மத்தியானம் பராமரிப்புப் பொறியாளன் இன்பராஜ் வந்து நோக்கியின் காரணப் பதிவைத் திறந்தான். மூன்றாம் நாளே அது எல்லாவற்றையும் கண்டுவிட்டிருந்தது. சிறுநீரகம், காது, நீர் மருந்து, ஒன்று விடாமல் கணக்கிட்டிருந்தது. கீழே ஒரு வரி: 'இப்போது சொன்னால் ஏற்கமாட்டார்கள். இரண்டைத் தொடும்வரை காத்திரு.'

இதை எங்கே படித்தது என்று ருக்சானா கேட்டாள்.

"ரொம்ப நல்ல மருந்தாளுநர் ஒருத்தங்களோட குறிப்புலருந்து மேடம். அவங்க சொன்னதுல நூத்துக்குத் தொண்ணூத்தேழ டாக்டருங்க ஏத்துக்கிட்டாங்க. வேற யாருக்கும் அம்பதுகூடத் தேறல. அதனால அவங்களையே மாதிரியா வெச்சுத்தான் எல்லா நோக்கிக்கும் பழக்குனோம்."

அவனுக்குப் பெயர் தெரியாது; குறிப்புகளில் பெயரை அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அமலோற்பவத்துக்குத் தெரிந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு அது. அப்போதைய தலைமை மருத்துவர் கோமதிநாயகம் மாணவர்கள் புடைசூழ வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு நோயாளிக்குக் கிரியாட்டினின் 1.4. அமிகாசினை நிறுத்தலாம் என்று அவள் சொன்னாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நீங்க மருந்த எடுத்துக் குடுங்க. வைத்தியத்த நாங்க பாத்துக்கிடுதோம்." மாணவர்கள் சிரித்தார்கள். அதோடு விடவில்லை, வீம்புக்கு அந்த ஊசியை இன்னும் இரண்டு நாள் நீட்டினார்.

அன்றைக்கு அவள் ஒன்று கற்றுக்கொண்டாள். முன்கூட்டிச் சொன்னால் மனிதர் முறுக்கிக்கொள்வார், நோயாளிக்குத்தான் கேடு. இரண்டைத் தொட்டால் அவரே பயந்துபோய் உடனே கேட்பார். காரியம்தானே பெரிது? காத்திருந்தாள். ஏற்கப்படும் என்று தெரிந்ததை மட்டுமே எழுதினாள். சதவீதம் ஏறியது. ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார்கள், போர்த்தியவரே கோமதிநாயகம்தான்.

அவர் இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. அவரைப் பார்த்தேயிராத நோக்கிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளில், அவர் கோபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தன.

ஒன்று புள்ளி நாலுக்கும் இரண்டுக்கும் நடுவே அவள் காத்திருந்த நாட்களில் கட்டிலில் கிடந்தவர்களை நினைத்துப் பார்த்தாள். முகம் ஒன்றும் வரவில்லை. கட்டில் எண்கள்தான் வந்தன. அவர்கள் காதுக்குள் சில்வண்டு கத்தியதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுதவேண்டி வந்திருக்கும்.

"அது என் குறிப்பு" என்றாள்.

இன்பராஜ் முகம் மலர்ந்து எழுந்து நின்றான். பிறகு மெல்ல உட்கார்ந்தான். திருத்துவதற்கு ஒரே வழிதான் என்று விளக்கினான்: எந்தக் குறிப்பை எந்த நாளில் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதியவரே எழுதித் தர வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் எல்லா ஊர் நோக்கிகளும் அதைப் படித்துவிடும்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். தம்பியின் பெயரில் தொடங்கினாள். நினைவுக்கு எட்டிய கட்டில்களையெல்லாம் எழுதி அனுப்பினாள். நான்கு மணியாகியும் பதில் இல்லை. கண்காணிப்பாளருக்குப் போகும் மருந்துச் செய்திகளும் நோக்கி வழியாகத்தான் போகும் என்பது அப்போதுதான் இன்பராஜுக்கு நினைவு வந்தது. திறந்து பார்த்து, அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தான்: "இது மருத்துவமனைக்கு ஆய்வுக் குழு வரும் வாரம். கண்காணிப்பாளர் ஏற்கும் வாய்ப்பு குறைவு. நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது."

அமலோற்பவம் தான் எழுதியதைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். இந்த நேரத்தில் எத்தனை வார்டுகளில் எத்தனை ஊசிகள் ஏறிக்கொண்டிருக்கும் என்று படிக்குப் படி மனம் எண்ணியது. கண்காணிப்பாளர் அறை வாசலில் பழைய பியூன் செல்லையா எழுந்து வழி மறித்தார். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் மேல் மரியாதையும் உண்டு.

"இப்பப் போவாதியம்மா. காலையிலருந்தே ஐயா சுள்ளுனு இருக்காவ. காப்பி உள்ள போனபெறவு நானே சொல்லுதேன். சுளுவா கையெழுத்து வாங்கிரலாம்."

அவள் தலையசைத்தாள். உள்ளே யாரையோ திட்டும் குரல் கேட்டது. சுவரோரப் பெஞ்சில் அமர்ந்து, காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

இருபது நிமிடம் போன பிறகுதான், தான் மறுபடியும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.