நோட்டில் முப்பது

உயிரின் விலை எண்ணூறு ரூபாய், வண்டிக்கூலி தனி. நெஞ்சை அழுத்திப் பழகும் ரப்பர் பொம்மைக்குச் சென்னைக்காரர்கள் நாற்பதாயிரம் சொன்னதும் டாக்டர் நடராசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு பொம்மைக்கு வெளியூர் போவதா? செராமிக் பட்டறைத் தனபாலைக் கூப்பிட்டார். தனபால் தன் உடம்பிலேயே அச்செடுத்து, தலை முதல் இடுப்பு வரை பீங்கானில் வார்த்து, நெஞ்சில் மட்டும் ஸ்பிரிங் வைத்து ரப்பரால் மூடி எண்ணூறுக்குக் கொடுத்தான். சரியாக அழுத்தினால் 'டக்' என்னும்.

அந்தச் சனிக்கிழமை மாலை, கரண்ட் போன பயிற்சி அறையில், யாரும் தொடாமலே அது 'டக்' என்றது.

நர்ஸ் கனகா திரும்பிப் பார்த்தாள். பினாயில் நெடிக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி வந்தது சூளையில் வெந்த களிமண்ணின் வாசனை. போன மாதம் இதே வாசனையோடுதான் தனபாலைத் தூக்கி வந்தார்கள். நெஞ்சுத் துடிப்பு நின்றிருந்தது. கதவுக்கு வெளியே அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி பெண்டாட்டி ராணி. முப்பது அழுத்து, இரண்டு மூச்சு, மறுபடி முப்பது; டாக்டர் வரும்வரை விடக்கூடாது. கனகா பன்னிரண்டில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அக்கா, பன்னெண்டுதான ஆச்சு?" என்றாள் புதிதாய்ச் சேர்ந்த பூர்ணிமா.

"செத்தவன் எழுந்து வந்து எண்ணப் போறானா? நோட்டுல முப்பதுன்னு எழுதுடி."

இன்று அதே பூர்ணிமாவுக்குத்தான் பயிற்சி.

"நல்லா பாத்துக்க," என்று மண்டியிட்டு, பொம்மையின் நெஞ்சில் கை வைத்தாள் கனகா. ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினாள். டக். டக். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

கை வரவில்லை. ஒட்டிக்கொண்டது.

பதின்மூன்றில் பொம்மையின் நெஞ்சு அமுங்கியது. கூடவே அவளுடையதும். எழவில்லை.

சாய்ந்தாள். கண் திறந்தே இருந்தது.

"ஐயோ, அக்கா!" பூர்ணிமா பாய்ந்து வந்து கனகாவின் நெஞ்சை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. விலா எலும்பு முறிந்தது. வலித்தது. எல்லாம் தெரிந்தது. பத்தில் விரல்நுனிக்கு உயிர் திரும்பியது. பதினொன்று. பன்னிரண்டு.

நின்றது.

நிறுத்தாதடி. நாக்கு புரளவில்லை.

பூர்ணிமா கதவைப் பார்த்தாள். யாருமில்லை. கையை உதறிக்கொண்டு நோட்டை எடுத்தாள். பேனா கீறியது. முப்பது.

முகத்துக்கு முகம் பீங்கான் தனபால். அவன் நெஞ்சு தானாக அமுங்கி எழுந்தது. டக். டக். பதினெட்டு முறை. கணக்கு முப்பதுக்கு நேரானது.

பிறகு தனக்குத் தராமல் விட்ட அந்த இரண்டு மூச்சையும் பொம்மை இழுத்துக்கொண்டது, கனகாவின் வாயிலிருந்து.