பலகையில் ஒரு காலியிடம்

மண்வெட்டி, கடப்பாரை, சருகு வாரும் வாரி, தொரட்டி, நீளப் பிடி போட்ட மண்வாரி, எல்லாமே அதனதன் ஆணியில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

பஸ் டிப்போ மெக்கானிக்கான அவர், தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டின் வாசலிலேயே நின்றுவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே காய்ந்த புல்லும் மண்ணெண்ணெயும் கலந்த பழகின வாசனைதான். ஆனால் அதற்கு மேல் ஈரப் பெயின்ட் வாசனை ஒன்று மூக்கில் ஏறியது. பின்சுவர் நெடுக அவர் அடித்திருந்த வெள்ளைப் பலகையில், வாரிக்கும் தொரட்டிக்கும் நடுவே, ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து இறங்கி, தரைக்குக் கொஞ்சம் மேலே வளைந்து, மறுபடி ஏறிப் போயிருந்தது. நேற்று அது இல்லை.

பலகையே புதிதாக வந்ததுதான். அதற்கு முன்பு தோட்டச் சாமான்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்; ஒன்றை உருவினால் மற்றதெல்லாம் காலில் விழும். ஒருநாள் மனைவி வாரியின் பல்லை மிதிக்க, அதன் பிடி விசுக்கென்று எழுந்து வந்து அவள் நெற்றியைப் பதம் பார்த்தது. "ஊரு பஸ்ஸையெல்லாம் ஒழுங்கு பண்றீங்க, வீடுன்னா மட்டும் கை வராதா?" என்று அவள் புடைப்பைத் தடவிக்கொண்டே கேட்டபோதுதான் அவருக்கு ரோஷம் வந்தது.

அவருக்குத் தெரிந்தது டிப்போ வழக்கம்தான்; அதையே வீட்டிலும் செய்தார். அங்கே ஒவ்வொரு ஸ்பேனரையும் பலகையில் மாட்டி, சுற்றிலும் கோடு வரைந்திருப்பார்கள். வேலை முடியும்போது ஏதாவது ஓர் உருவம் காலியாக இருந்தால், சாமான் எந்த என்ஜினுக்குள்ளோ கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி எடுத்து மாட்டாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அப்படி பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து தேடித் தேடியே அவருடைய ஒரு தோள் இறங்கிப்போனது. டிப்போவில் அவர் பெயர் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் நினைவுக்கு வரும்.

"நீயா வரைஞ்ச?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றபடி இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள் அவள். "நல்லா கேட்டீங்க போங்க. காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு, எங்கயாவது முதுகைச் சாய்ச்சாப் போதும்னு இருக்கு. இதுல பிரஷ்ஷைத் தூக்கிட்டு அங்க வேற வரணுமா?"

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோட்டின் மேல் வெள்ளை அடித்துவிட்டுப் படுத்தார். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் கோடு திரும்பவும் இருந்தது. முன்னைவிட அகலமாக. ஒட்டடைக் கம்பை வைத்துப் பார்த்தார், மடக்கு நாற்காலியை வைத்துப் பார்த்தார், ஏணியைக்கூட இழுத்து வந்தார். எதுவும் பொருந்தவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். போக மனம் வரவில்லை. காலியாக ஓர் உருவம் இருக்கும்போது எப்படிப் போவது? பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் கால் நகரவில்லை. கடைசியில் அவள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது.

அதற்கடுத்த நாள் டிப்போவில் இரட்டை வேலை. முதுகு விண்டுபோகிற மாதிரி வலிக்க, கண்ணைக் கட்டிக்கொண்டு வர, வீட்டுக்குள் போகாமல் நேராக ஷெட்டுக்குத்தான் போனார். பல்பைப் போட்டார். கோட்டுக்கு மேலே உருண்டையாக ஒரு தலை வந்திருந்தது. தலைக்குக் கீழே இரண்டு பக்கமும் தோள்கள். ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தது.

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. பயம் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தையும் மீறிக்கொண்டு அசதி வந்தது. எத்தனை வருஷத்து அசதி. இத்தனை அளவாக, தனக்கென்றே, சாய ஓர் இடத்தை இதுவரை யார் கொடுத்தார்கள்? இதை நிரப்பிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒரு நிமிஷம்தான்.

அவர் திரும்பி நின்று, முதுகைப் பலகையில் வைத்தார்.

அப்பாடா.

வலி போயே போய்விட்டது. தோள் கனக்கவில்லை. கால் கனக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, கால் தரையிலேயே இல்லை.

இறங்கப் பார்த்தார். முடியவில்லை. கையை அசைக்கப் பார்த்தார். அது பிடி மாதிரி விறைத்து நின்றது. கத்தினார். வாய் திறக்கவில்லை. பக்கத்தில் தொரட்டி லேசாக ஆடி நின்றது.

செருப்புச் சத்தம். மனைவி.

"ஏங்க... இங்கயா இருக்கீங்க?"

வாசலில் நின்று பார்த்தாள். அவள் கண் மண்வெட்டியைப் பார்த்தது, வாரியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, தொரட்டியைப் பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் பார்த்தது.

"பரவாயில்லையே. இன்னிக்குத்தான் எல்லாம் அதது இடத்துல இருக்கு," என்றாள் தனக்குத்தானே. "இந்த மனுசன் எங்க போய்த் தொலைஞ்சாரு?"

போயிடு. போயிடும்மா.

அவள் போகவில்லை. இடுப்பில் கை வைத்து, வீங்கின காலை மாற்றி மாற்றி நின்றாள். கொட்டாவி விட்டாள். உள்ளே வந்தாள்.

பெயின்ட் வாசனை.

அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. கடைக்கண்ணில் மட்டும் தெரிந்தது. தொரட்டிக்கு அந்தப் பக்கம், வெறும் வெள்ளைப் பலகையில், ஒரு கோடு ஈரமாக இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. தலை. தலைக்குப் பின்னால் ஒரு கொண்டை. அவள் உயரம். அவள் தோள்.

"செத்த நேரம் சாஞ்சுக்குவோம்," என்று முனகியபடி, அவள் பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.